என் பென்சிலும் அவர் மாத்திரையும்

கிருமிகளைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்படும் புத்தகங்களை நான் இரண்டு காரணங்களுக்காகத்தான் படித்து வந்தேன். ஒன்று, பிழை கண்டுபிடிக்க. இரண்டு, கண்டுபிடித்த பிழையை மதியச் சாப்பாட்டின்போது ஆய்வகத்துத் தோழிகளிடம் சொல்லிச் சிரிக்க. காசநோய்க் கிருமியோடு இருபது வருடத்துக்கும் மேலாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான். கட்டிய கணவரோடு நடத்தியது அதைவிடக் குறைவு. அந்தக் கிருமியைப் பற்றி வெளி ஆள் யாராவது நாலு வார்த்தை பேசிவிட்டால், என் குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைப்பதுபோல எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

நானும் எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகள். அவற்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர்களை எல்லாம் தில்லியில் நாங்கள் இருக்கும் துவாரகாவிலிருந்து ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிடலாம், டிரைவர் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டியிருக்காது. அப்படிப்பட்ட நான், ஆயிரக்கணக்கான பேர் வாங்கிப் படிக்கிற புத்தகங்களை இளக்காரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் குளிர்கால ஆரம்பத்தில் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒரு பெரியவர் எனக்கு ஒரு புத்தகம் அனுப்பினார். மத்திய அரசில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்குள்ள தமிழர்களுக்காக ஓர் ஆண்டு மலர் நடத்துகிறார். புத்தகம் காசநோயைப் பற்றித் தமிழில், எல்லோருக்கும் புரியும்படி எழுதப்பட்டது. எழுதியவர் மருத்துவரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை, வெறும் எழுத்தாளர்.

“நீங்க இந்த லைன்ல இருக்கீங்க மேடம். மலருக்கு ஒரு ரெண்டு பக்கம் விமர்சனம் எழுதிக் குடுங்க. ஜல்தி ஒண்ணும் இல்ல” என்றார் பெரியவர் போனில். அவசரமில்லை என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னோம் என்று அவர் பிற்பாடு நிறைய வருத்தப்பட்டிருப்பார்.

பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். வேலை அட்டையிலேயே ஆரம்பித்துவிட்டது. அதில் இரண்டு நுரையீரல்களும், அவற்றின் நடுவே சிவப்புக் கண்களோடு ஒரு கிருமியும் வரைந்திருந்தார்கள். “இதற்குக் கண் கிடையாது” என்று அட்டையிலேயே எழுதினேன். உள்ளே போனால் கிருமி “நினைக்கிறது”, “பதுங்குகிறது”, “பொறுமையாகக் காத்திருக்கிறது.” ஓரத்தில் “மூளை கிடையாது” என்று எழுதினேன். ஓர் இடத்தில் அதற்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டிருந்தார் மனிதர். அதைச் சுற்றி வட்டம் போட்டேன். மூன்றாம் அத்தியாயம் முடிவதற்குள் அச்சடித்ததைவிட என் பென்சில் எழுத்துதான் அதிகமாகத் தெரிந்தது. இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு புத்தகத்தைப் படித்ததே இல்லை.

இந்தச் சந்தோஷத்துக்கு இடைஞ்சலாகப் பக்கத்து அறையில் என் கணவர் இருமிக்கொண்டிருந்தார்.

தில்லியில் குளிர்கால ஆரம்பத்தில் இருமாதவர் யார்? புகை வந்து உட்கார்ந்துவிடும். லிஃப்ட்டில் இருமல், மெட்ரோவில் இருமல், எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேச்சைவிட இருமல் அதிகம். இவரும் இருமினார். அதிமதுரத்தை வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இவருக்கு விமான நிலையத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை, நாளெல்லாம் தூசி. அதுவும் ஒரு காரணம் என்று நானே முடிவு செய்தேன். பேண்ட் இடுப்பில் தொளதொளத்தபோது, “பரவால்லையே, கடைசில தொப்பை குறைஞ்சிருக்கே” என்று பாராட்டினேன். டிசம்பர் குளிரில் நடுராத்திரி சட்டை நனையும்படி வியர்க்கிறது என்றார். ரெண்டு ரஜாய் போர்த்தினால் வியர்க்காமல் என்ன செய்யும், ஒன்றை எடுத்துவிடுங்கள் என்றேன்.

இருமல், எடைக் குறைவு, இரவு வியர்வை. இந்த மூன்றையும் ஒரே ஸ்லைடில் போட்டு வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த ஸ்லைடுக்குப் பின்னணியாக இளநீல நிறம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன்.

ஜனவரியில் இவருடைய அலுவலக டாக்டர்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தையும் சளிப் பரிசோதனை முடிவையும் பார்த்துவிட்டு, சிகிச்சை கொடுக்கும் டாக்டர் என்னிடம் “மேடம், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று சாதாரணமாகக் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சிராக் தலே அந்தேரா, மேடம்ஜி” என்று சிரித்தார். விளக்குக்கு அடியில்தான் இருட்டு என்று இந்திக்காரர்கள் சொல்வது. வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள். கிருமி ஆராய்ச்சிக்காரியின் கணவரைப் பற்றித்தான் யாரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை.

நானே ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்துவிட்டேனோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் பரிசோதனை செய்துகொண்டேன், ஒன்றும் இல்லை. “இந்த ஊர்ல இது கிடைக்கறதுக்கு உங்க லேப் எதுக்கு மேடம்?” என்று டாக்டர் சமாதானம் சொன்னார். மாத்திரை ஆறு மாதம், ஒரு நாள்கூட விடாமல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், வியர்வைகூட அப்படி ஆகலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். “அரே, நாக்பூர் ஆரஞ்சா?” என்று இவர் ஜோக் அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என்னால் முடிந்ததைச் செய்தேன். மடிக்கணினியை டிவியில் இணைத்து இவருக்குப் பாடம் எடுத்தேன். முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலான கிருமிகள் செத்துவிடும், மிச்சம் இருக்கிற கொஞ்சம்தான் மெதுவாகச் சாகும் என்பதைக் கோடுகளாக வரைந்து காட்டினேன். கோடு முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு சோம்பலாகப் படுத்துக்கொண்டே போகும். எனக்கு மிகவும் பிடித்த கோடு அது. இவர் மரியாதையாகப் பார்த்தார். “அச்சா, அச்சா” என்றார். முடிந்ததும், “இப்போ மேட்ச் போடலாமா?” என்று கேட்டார்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. முகத்தில் சதை பிடித்தது. தினமும் தானே மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்று நான் கண்காணிப்பதை விட்டுவிட்டு விமர்சனத்துக்குத் திரும்பினேன். பிழைகளை வகை பிரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் இவருடைய பனியன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னபடியே, வெயில் ஏற ஏற அவற்றின் கழுத்தும் அக்குளும் ஆரஞ்சு நிறத்துக்கு மாறின. எத்தனை ஊறவைத்தும் போகவில்லை. ஏப்ரலில் நான் சோப்புத்தூளை மாற்றினேன். மாற்றிய வாரத்திலிருந்து பனியன்கள் வெளுக்க ஆரம்பித்தன. எனக்கு ஒரே பெருமை. எதிர் ஃபிளாட் அம்மாளிடம் அந்தச் சோப்புத்தூளைச் சிபாரிசு செய்தேன். அந்த அம்மாளும் வாங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் கொடியில் கிடந்த பனியனை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கை நின்றது. அது சோப்பின் வேலை இல்லை. வியர்வையில் நிறமே இல்லை. வியர்வையில் நிறம் இல்லை என்றால் உடம்பில் மருந்து இல்லை. என் வாழ்க்கையில் நான் தனியாகக் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான், அதையும் ஒரு வாரம் தாமதமாகக் கண்டுபிடித்தேன்.

“என்னங்க, மாத்திரை போடறீங்களா இல்லையா?”

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ரெண்டு மாசம் போட்டாச்சே. இருமல் இல்ல, ஜுரம் இல்ல, வெயிட்டும் ஏறிடுச்சு. அது வயத்தப் பொரட்டுது. எதுக்குச் சும்மா?”

“டாக்டர் ஆறு மாசம்னு சொன்னாரே!”

“அவங்க எக்ஸ்ட்ரா சேத்துத்தான் சொல்வாங்க. நீதானே சொல்லுவ, எல்லாரும் பயமுறுத்தறதுக்கு மிகைப்படுத்தறாங்கன்னு. அந்த புக்க பத்தி டெய்லி அதத்தானே சொல்லிட்டிருக்க.”

பாதியில் மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பதைக் கேள்விப்பட்டு அறிந்தவள் இல்லை நான். அப்படிப்பட்டவர்களின் கிருமிகளை நானே வளர்த்திருக்கிறேன். எந்த மருந்தைப் போட்டாலும் அசையாமல், தட்டு முழுக்க வெளிறிய மஞ்சளில் செழித்து நிற்கும். அந்தத் தட்டுகளில் நோயாளியின் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அன்றைக்கு எனக்கு அந்த எண்கள் எல்லாம் இவராகத் தெரிந்தன. இவரை இழந்துவிடுவேன் என்று பயந்தேன். பயத்தில் கத்தினேன். கத்தியதெல்லாம் கலைச்சொற்கள். சொல் நீளமாக நீளமாக இவர் அமைதியாகிக்கொண்டே போனார். “டீக் ஹை, டீக் ஹை, பாக்கலாம்” என்று எழுந்து போய்விட்டார். டாக்டருக்குப் போன் செய்யலாம் என்றால், “உன் புருஷன மாத்திர போட வைக்க முடியலன்னு அவர்கிட்டயும் சொல்லப்போறியா?” என்று இவரே கேட்டார். சரியான இடத்தில் அடித்தார்.

மறுநாள் காலை ஆண்டு மலர்ப் பெரியவர் போன் செய்தார். “மேடம், இப்போ கொஞ்சம் ஜல்தி.” எழுதிக்கொண்டே இருக்கிறேன் சார், பிழைகள் அதிகம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் சாப்பாட்டு மேஜையிலிருந்த அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

புரட்டத்தான் முடியும். இவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில். அப்பா மத்திய அரசு குமாஸ்தா. வீட்டில் தஞ்சாவூர்த் தமிழ், தெருவில் இந்தி. பக்கத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தும் மாமனார் இவரை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அதனால் தமிழ் எழுத்துகளை இவர் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பார், ஒரு வரி தாண்டுவதற்குள் களைத்துவிடுவார்.

“யாரு இந்தப் பென்சில்? ஒரே கடுகடுப்பா இருக்கு.”

“நான்தான். தப்பெல்லாம் குறிச்சிருக்கேன்.”

“இந்தப் பக்கத்துல மட்டும் மூணு கோடு போட்டிருக்கியே. அவ்ளோ பெரிய தப்பா? படி, கேப்போம்.”

அதுதான் புத்தகத்திலேயே மோசமான இடம் என்று நான் தீர்மானித்திருந்த பக்கம். இவரும் என்னோடு சேர்ந்து சிரிக்கட்டும் என்றுதான் வாசித்தேன். எழுத்தாளர் அங்கே நுரையீரலை வீடாக்கியிருந்தார், கிருமிகளைக் காலி செய்ய மறுக்கும் குடித்தனக்காரர்களாக்கியிருந்தார். மாத்திரை என்பது வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவது. சண்டைக்கு வருகிறவர்களை முதல் இரண்டு மாதத்திலேயே வெளியேற்றிவிடலாம். வீடு அமைதியாகிவிடும். ஆனால் உள் அறையில் சிலர் விளக்கை அணைத்துவிட்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் யாரும் இல்லை என்று நம்பி நீங்கள் தட்டுவதை நிறுத்துவதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இவர் சிரித்தார். ரொம்பச் சிரித்தார். “அரே, இது நம்ம குவார்ட்டர்ஸ் கதை! எங்க பக்கத்து வீட்டு அங்கிள் ரிட்டயர் ஆகியும் வீட்டக் காலி பண்ணல. ஆபீஸ்லேருந்து ஆள் வந்தா லைட்ட அணைச்சிட்டு, ரேடியோவ நிறுத்திட்டு, மொத்தக் குடும்பமும் கிச்சன்ல தரையில உக்காந்துக்கும். எங்கம்மாகிட்ட கேட்டா, ‘அவங்க ஊருக்குப் போயிருக்காங்க’ம்பாங்க. வந்தவன் திரும்பிப் போன உடனே ரேடியோ பாடும். இப்படியே ரெண்டு வருஷம் இருந்தாங்க.”

பிறகு சிரிப்பு நின்றது. கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

“மத்லப், அப்படின்னா எனக்குள்ள இருக்கறதும் லைட்ட அணைச்சிட்டு உக்காந்திருக்கா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வளர்சிதை மாற்றம் குறைந்த நிலை, அதற்கு வெவ்வேறு விளக்கங்கள் உண்டு, இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. மூன்று கோட்டின் பக்கத்தில் “முழு அபத்தம்” என்று என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆமாங்க” என்றேன். “அப்படித்தான் உக்காந்திருக்கு.”

நான் டிவியில் வரைந்து காட்டிய கோடு சொன்னதும் இதேதான். அதை இவர் மரியாதைக்குத்தான் பார்த்தார், உண்மையில் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே டாக்டரிடம் போனோம். நன்றாகத் திட்டினார், சளியை மறுபடி பரிசோதனைக்கு அனுப்பினார், விட்ட நாட்களுக்கும் சேர்த்துக் கடைசித் தேதியை ஆகஸ்டுக்குத் தள்ளிவைத்தார். திரும்பும்போது மெட்ரோவில் இவர் ஒரு நிபந்தனை போட்டார். தினமும் காலையில் நான் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும், இவர் மாத்திரை போடுவார். “ஆனா கமெண்டரி கூடாது. படிக்கறது மட்டும்தான்.”

இப்படியாகக் காலைப்பால் வரும் நேரத்தில், வெறும் வயிற்றோடு இவரும் வெறும் வாயோடு நானும் உட்கார்ந்தோம். ஒரு பக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று இவர் கணக்கு. சுவாரசியமான இடத்தில் நான் மூச்சு வாங்கினால் மாத்திரையைக் கையில் பிடித்தபடி, “மேல போ” என்பார். முதல் சில நாட்கள் கமெண்டரி இல்லாமல் படிப்பது எனக்கு மாத்திரையைவிடக் கசந்தது. ஒரு தடவை “மழைக்கோட்டு” வந்த இடத்தில் அடக்க முடியாமல் இருமினேன். இவர் முறைத்தார்.

ஆனால் வாய்விட்டுப் படிக்கும்போது, பென்சிலோடு படித்தபோது தெரியாதது தெரிந்தது. இவருக்குச் சந்தேகம் வந்து புருவம் சுருங்கும். நான் அடுத்த பத்தியைப் படிப்பேன். அதில் பதில் இருக்கும். தட்டை, தம்ளரைத் தனியாக வைக்கணுமா? ஆபீஸில் சொல்லலாமா? நான் ஏதாவது தப்பு செய்ததால் வந்ததா? நோயாளி எந்த இடத்தில் எதைக் கேட்பார், எதைக் கேட்க வெட்கப்படுவார் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. யாரும் கேட்காத கேள்விகளுக்கு இருபது வருடமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, கூடவே படுத்துத் தூங்குகிறவரின் மனதில் இந்தக் கேள்விகள் இருந்ததே தெரியாது. நான் மூன்று கோடு போட்டிருந்த இடங்களில்தான் இவர் மாத்திரையைக் குமட்டாமல் விழுங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பொறாமைதான் கொஞ்சம் அதிகம்.

ஜூன் கடைசியில் புத்தகம் தீர்ந்துவிட்டது. மாத்திரை தீரவில்லை.

“அப்புறம்?” என்றார், உள்ளங்கையில் மாத்திரையோடு.

“அவ்ளோதாங்க. முடிஞ்சுடுச்சு.”

“நீ சொல்லு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

எனக்கு எல்லாம் தெரியும். அந்தக் கிருமியின் வெளிச்சுவரில் இருக்கும் மெழுகு அமிலங்களை வகை வாரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது அமிலத்திலேயே இவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மாத்திரை கையிலேயே இருந்தது. மறுநாள் கொஞ்சம் எளிமையாக்கினேன். கொட்டாவி விட்டார். மூன்றாம் நாள் வேறு வழியே இல்லாமல், “அது ஒரு மழைக்கோட்டு போட்டிருக்குங்க” என்றேன். “அதனால நம்ம மருந்து மேல பட்டு வழுக்கிட்டுப் போயிடும். அது என்ன நினைக்குதுன்னா…”

“அதுக்குத்தான் மூளையே கிடையாதுன்னு சொல்லுவியே?”

“சும்மா கேளுங்க!”

கேட்டார், விழுங்கினார். அந்த ஜூலை முழுக்க என் கிருமி நினைத்தது, பயந்தது, கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தது. ஒரு நாள் அதற்கு ஒரு மாமியாரைக்கூடக் கொண்டுவந்துவிட்டேன். ராத்திரியே யோசித்து வைத்தும் காலையில் கதை பாதியில் படுத்துவிடும் நாட்கள் இருந்தன. ஒரு பக்கம் எழுத அந்த எழுத்தாளர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. பெரியவருக்கு விமர்சனத்தை அனுப்பினேன். ரெண்டு பக்கம் கேட்டவருக்கு அரைப் பக்கம். புத்தகத்தில் சில பிழைகள் இருக்கின்றன, வீட்டில் ஒன்று வாங்கி வையுங்கள், யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தேன். “அந்தப் பிழைகள் என்னென்ன மேடம்?” என்று போனில் கேட்டார். “இருக்கட்டும் சார்” என்றேன்.

ஆகஸ்டில் கடைசி நாள் வந்தது. வெளியே மழை. பரிசோதனை முடிவு முன்பே வந்திருந்தது. “கிருமி காணப்படவில்லை” என்று அதில் எழுதியிருந்தது. இவர் கடைசி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“செத்துப் போச்சா?”

என் தொழிலில் இதற்கு ஒரே பதில்தான். எடுத்த மாதிரியில், செய்த பரிசோதனையில், காணப்படவில்லை. அதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் யாராவது பென்சிலோடு வருவார்கள். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட நான் அந்த எல்லையைத் தாண்டியதில்லை. இவர் காத்திருந்தார். பாதி வருடத்துக்கு மேலாக இந்த மனிதர் காத்திருந்த பதில் அது.

“செத்துப் போச்சுங்க” என்றேன். “உள் அறையிலும் பாத்தாச்சு. ஒண்ணுகூட இல்ல.”

இவர் மேஜையைச் சுற்றிலும் கண்ணால் தேடினார். பிறகு, “பென்சில எடுத்துட்டு வரவா?” என்றார்.

“மொதல்ல அத முழுங்குங்க.”

விழுங்கினார்.

மாத்திரையோடு மறுபடி ஆரஞ்சாகியிருந்த பனியன்கள் அடுத்த வாரம் வெளுக்க ஆரம்பித்தன. சோப்புத்தூள் அதேதான். எதிர் ஃபிளாட் அம்மாள் தன் பால்கனியிலிருந்து, “என்ன சோப்பு போடறீங்க இப்போ?” என்று இந்தியில் கேட்டார்கள். வெள்ளைப் பனியனை மடிக்காமல் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.